மூன்றாவது துளை

கார் பைத்தியம் ஒருவனுக்குத்தான் பிடிக்கும். அதன் தொல்லையை வீடு மொத்தமும் அனுபவிக்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்தப் பைத்தியம் எனக்கு. சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை. ஊரடங்கு முடிந்த பிறகும் வீட்டிலிருந்தே செய்தால் போதும் என்று விட்டுவிட்டார்கள். செஞ்சிக்கே திரும்பி வந்தேன். புத்தியுள்ளவன் அந்த நேரத்தில் ஒரு மனை வாங்கிப் போட்டிருப்பான். நான் இரண்டே பேர் உட்காரக்கூடிய, தரையோடு தரையாகக் கிடக்கும் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினேன். அம்மா அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"ரெண்டு பேரு போறதுக்கு பைக்கு போதாதாடா? நா எங்க ஒக்கார்றது, மேலயா?"

நான் சிரித்து மழுப்பினேன்.  என் மனைவி அனந்தபுரத்துப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியை. தினமும் காலையில் பஸ் ஸ்டாண்டில் முண்டியடித்து ஏறிப் போய்க்கொண்டிருந்தவள். நானே கொண்டுபோய் விடுகிறேன் என்றதும் அவளுக்குச் சந்தோஷம்தான். முதல் நாள் பள்ளி வாசலில் பிள்ளைகள் காரைச் சூழ்ந்துகொண்டதை வீட்டுக்கு வந்து இரண்டு தடவை சொன்னாள்.

காரோடு நின்றிருந்தால் கதையே இல்லை. யானை வாங்கியவன் அங்குசத்துக்கும் அலைவான் அல்லவா. வளைவில் திரும்பும்போது கார் ஒரு பக்கமாகச் சாயும். அந்தச் சாய்வைத் தடுக்க அடியில் வளைந்த கம்பி ஒன்று குறுக்கே ஓடும். ஸ்வே பார் என்று பெயர். நம் பக்கத்து மெக்கானிக்குகளுக்கு ஸ்டெபிலைசர் ராடு. இடச் சக்கரத்தையும் வலச் சக்கரத்தையும் அது கோத்துப் பிடித்திருக்கும். இரண்டும் ஒன்றாக மேலே ஏறினால் அதுவும் கூடவே சுழன்று கொடுத்துவிடும், அதற்கு வேலையே இல்லை. ஒன்று மட்டும் ஏறினால்தான் முறுக்கிக்கொண்டு மற்றதையும் இழுக்கும். காரோடு வந்த கம்பி எனக்குப் போதவில்லை. தடிமனான வேறு செட் ஒன்றை வரவழைத்தேன்.

முன்பக்கக் கம்பியில் பேச்சு அதிகம் இல்லை. பின்பக்கத்துக் கம்பியில்தான் விஷயம். அதன் இரண்டு முனைகளிலும் மும்மூன்று துளைகள். போல்ட்டை நுனியில் உள்ள முதல் துளையில் மாட்டினால் கம்பி கொஞ்சம் இளகிக் கொடுக்கும். இரண்டாவது நடுத்தரம். உள்ளே தள்ளி இருக்கும் மூன்றாவதில் மாட்டினால் கம்பி விறைத்துக்கொள்ளும், காரும் விறைத்துக்கொள்ளும்.

திண்டிவனம் ரோட்டில் லோடு வண்டிகளைப் பார்க்கிற மெக்கானிக் ஒருவன், என் வயதுக்காரன், அதை மாட்டிக் கொடுத்தான். பார்சலைப் பிரித்ததும் கம்பியைக் கையில் தூக்கி எடை பார்த்தான்.

"இது ரேசு ஓட்றவன் மாட்டிக்கிற சாமானு. செஞ்சியில நீ எங்க ரேசு ஓட்டப் போற?"

"சும்மா மாட்டு. நடுத் தொளையில வை, பாக்கலாம்."

இரண்டு வாரம் நடுத்துளையில் ஓட்டினேன். ஞாயிற்றுக்கிழமை விடியலில், கோட்டையைத் தாண்டித் திருவண்ணாமலை ரோட்டில் ஒரு வளைவு இருக்கிறது, அங்கே போய்ப் போய்த் திரும்பினேன். மூக்கு வெளியே ஒதுங்குவதாகவே பட்டது. மூன்றாவதுக்கு மாற்றினோம். அடுத்த ஞாயிறு அதே வளைவில் கார் நான் நினைத்த இடத்தில் நினைத்த மாதிரி திரும்பியது. உடம்பே புல்லரித்தது. சென்னைப் பக்கம் ரேஸ் டிராக்கில் என்னைப் போன்ற கிறுக்கர்கள் கூடி ஓட்டும் நாள் ஒன்று வரவிருந்தது; அதுவரைக்கும் இதைத் தொடக்கூடாது என்று முடிவு செய்துகொண்டேன். அன்று ராத்திரி சாப்பாட்டில் இரண்டு கரண்டிகளை வைத்து மனைவிக்கு முதல் துளை, மூன்றாவது துளை எல்லாம் விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். சாம்பார் ஆறிவிட்டது.

கல்யாணமாகி நான்கு வருஷம் கழித்து அவள் உண்டானது அந்தக் கோடை முடிவில்தான். அம்மா அமாவாசைக்கு அமாவாசை மேல்மலையனூருக்குப் பஸ் ஏறி வேண்டிக்கொண்டது வீண்போகவில்லை என்று தெருவே சொன்னது. பள்ளி திறந்ததும் லீவு போடச் சொன்னேன். அவள் கேட்கவில்லை. எட்டாம் மாதம் போட்டுக்கொள்கிறேன், இப்போது கார்தான் இருக்கிறதே என்றாள்.

செஞ்சியிலிருந்து அவள் பள்ளிக்குப் போகிற ரோட்டில் பதினோரு வேகத்தடைகள். ஊருக்கு ஒன்று, பள்ளிக்கூடத்துக்கு ஒன்று, கோயிலுக்கு ஒன்று, யாரோ சண்டை போட்டு வாங்கிய ஒன்று. எங்கள் பக்கத்தில் வண்டி ஓட்டுகிற எல்லோருக்கும் ஒரு பழக்கம் உண்டு. வேகத்தடை முடிந்து மண் தொடங்குகிற ஓரத்தில் பைக்குகள் போய்ப் போய் ஒரு தடம் விழுந்திருக்கும். காரின் இடப்பக்கச் சக்கரங்களை அந்தத் தடத்தில் இறக்கி, வலப்பக்கத்தை மட்டும் மேட்டில் ஏற்றிப் போவோம். பாதி வண்டிதானே குதிக்கும் என்ற கணக்கு. பிள்ளைத்தாய்ச்சியோ ஆபரேஷன் செய்தவர்களோ வண்டியில் இருந்தால் கட்டாயம் அப்படித்தான் போக வேண்டும். போகாவிட்டால் பின்சீட்டிலிருந்து "ஓரமா எறக்கி ஏத்துப்பா" என்று திட்டு விழும். தாழ்ந்த என் காருக்கு, அப்படிப் போனால் அடி தட்டாமலும் இருந்தது. அவள் உண்டானதிலிருந்து ஒரு வேகத்தடையைக்கூட நான் நேராக ஏறவில்லை. மனைவியைப் பூப்போல வைத்துக்கொள்கிறவன் என்று என்னைப் பற்றி எனக்கே பெருமையாக இருந்தது.

இரண்டாவது வாரம் அவள் சொன்னாள்.

"வண்டி சைடுல தூக்கிப் போடுதுங்க. இடுப்புல சுருக்குனு புடிக்குது."

"ரோடு அப்படி. பஸ்ஸுல போனா இன்னும் மோசம்."

"பஸ்ஸு மேல கீழதான் தூக்குது. இது கதவுப் பக்கமா தள்ளுது."

நான் காதில் வாங்கவில்லை. இவளுக்கு என்ன தெரியும் என்ற எண்ணம். இணையத்தில் ராப்பகலாகப் படித்தவன் நான். கரண்டியை வைத்துப் பாடம் நடத்தியவனும் நான். ஆனால் அவள் சொன்னதில்தான் சரியான பாடம் இருந்தது. ஒரு சக்கரம் தாழ்ந்து ஒரு சக்கரம் ஏறினால் அந்தக் கம்பி என்ன செய்யும் என்று யாராவது பரீட்சையில் கேட்டிருந்தால் முழு மார்க் வாங்கியிருப்பேன். தினமும் பதினோரு தடவை, போக வர இருபத்திரண்டு தடவை, அதே காரியத்தை என் கையாலேயே செய்துகொண்டிருந்தேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

மூன்றாம் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, இறங்குவதற்கு முன் சீட்டிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.

"அந்த ராடு, அத லூசா வெக்கலாம்னு நீங்கதான சொன்னீங்க. மொதல் தொளையில. எனக்காவ கொஞ்ச நாளைக்கு மாத்தி வையுங்களேன்."

அவள் எனக்காவ என்று கேட்டது அபூர்வம். சரி என்றேன். மறுநாள் சனிக்கிழமை, ஜாக்கி வைத்துத் தூக்கி, கட்டை முட்டுக்கொடுத்து, அடியில் படுத்தேன். ஸ்பானரை போல்ட்டில் மாட்டினேன். டிராக்குக்குப் போகும் நாள் மூன்று வாரத்தில் இருந்தது. இப்போது கழற்றினால் திரும்ப மாட்ட வேண்டும், மாட்டினால் அந்தப் பதம் வருமா என்று யோசித்தேன். மசக்கையில் இருக்கிறவளுக்கு எல்லாமே தூக்கிப் போடத்தான் செய்யும் என்று எனக்கு நானே வக்கீல் வைத்து வாதாடி ஜெயித்தேன். போல்ட்டை இன்னும் ஒரு சுற்று இறுக்கிவிட்டு வெளியே வந்தேன்.

கையெல்லாம் கிரீஸ். அவள் சோப்பும் சொம்புத் தண்ணியும் எடுத்து வந்து ஊற்றினாள்.

"மாத்தியாச்சா?"

"ஆச்சு."

அவ்வளவுதான் நான் சொன்ன பொய். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, கையைத் தேய்த்துக்கொண்டே சொன்னேன்.

திங்கட்கிழமை போகும்போது ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். நான்காவது வேகத்தடை தாண்டியதும் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அவள் சிறிது யோசித்தாள்.

"கொஞ்சம் பரவால்லீங்க."

எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. பார்த்தாயா, எல்லாம் மனப்பிரமை என்று தீர்ப்பெழுதிவிட்டேன். மெக்கானிக்கிடம் போய் அதைச் சொல்லிச் சிரிக்கவும் செய்தேன். அவன் சிரிக்கவில்லை. "மாத்திக் குடுத்துட்டுப் போயேன்டா, அரை மணி நேர வேலை" என்றான். அதற்குப் பிறகு அவள் காரைப் பற்றிக் குறை சொல்லவே இல்லை. ஒரு சின்னத் தலையணையைக் கொண்டுவந்து கதவுக்கும் இடுப்புக்கும் நடுவில் செருகிக்கொண்டாள். தலையணையைப் பார்த்தேன். ஏன் என்று கேட்கவில்லை.

டிராக்குக்கும் போய் வந்தேன். நன்றாகத்தான் ஓடியது. அதைப் பற்றி இங்கே எழுத எனக்கு இஷ்டமில்லை.

நான்காம் மாத ஸ்கேனுக்கு விழுப்புரம் போனோம். வாடகைக் காரில், அம்மாவும் வந்தாள். ஸ்கேன் எடுத்த பெண் பாதியிலேயே டாக்டரைக் கூப்பிட எழுந்து போனாள். துடிப்பு இல்லை. வளர்ச்சி நின்று இரண்டு வாரமாவது ஆகியிருக்கும் என்றார் டாக்டரம்மா. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்று சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். உடைந்த தாழிக்குப் பக்கத்தில் அன்று மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தோம். மூன்று நாள் ஆஸ்பத்திரி வாசம். வீட்டுக்கு அனுப்பும் முன் நான் தனியாக டாக்டரிடம் போய்க் கேட்டேன், தினமும் காரில் போய் வந்தது காரணமா என்று.

"அதெல்லாம் இல்லை. பயணத்தால இப்படி ஆகறதில்லை. கரு ஆரம்பத்துலயே சரியா அமையலை. யார் பேர்லயும் தப்பு கிடையாது. அவங்ககிட்டயும் இதைச் சொல்லுங்க."

சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். நான் அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். யார் பேரிலும் தப்பில்லை என்று ஒரு டாக்டர் சொல்லிவிட்டார். எனக்கு அது போதுமாக இருந்தது என்பதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

டாக்டர் சொன்னது சொந்தக்காரர்களிடம் எடுபடுமா? பார்க்க வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது அம்மா பொங்கிவிட்டாள்.

"எல்லாம் அந்தப் பாழாப்போன காருதான். தெனம் அதுல போட்டு ஒலுக்குனா தங்குமா? நா தலபாடா அடிச்சிக்கினேன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் மனைவி உள்ளே படுத்திருந்தாள், தூங்குகிறாள் என்று நினைத்திருந்தோம். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து கதவருகே நின்றாள்.

"அத்த, அவர ஒண்ணும் சொல்லாதீங்க. எனக்காவ அந்த வண்டிய லூசு பண்ணிட்டாரு. கையெல்லாம் கிரீசோட அடியில பூந்து மாத்துனாரு. அதுமேல கொற சொல்ல ஒண்ணுமில்ல."

 வந்தவர்களில் ஒரு அத்தை, இப்படி ஒரு புருஷன் யாருக்குக் கிடைக்கும் என்றாள். நான் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். துக்கத்தில் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலையை நான் தொடங்கியிருந்தேன். இப்போது அவளே என் பக்கத்தில் நின்று சோற்றை அள்ளிப் போட்டு மூடிக்கொண்டிருந்தாள். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அத்தனை பேர் முன்னால் வேண்டாம், அவர்கள் போன பிறகாவது சொல்லியிருக்க வேண்டும். பயமாக இருந்தது. அவள் என்னைத் திட்டுவாள் என்று பயப்படவில்லை. திட்டாமல் பார்ப்பாளே, அந்தப் பார்வைக்குத்தான் பயந்தேன்.

ஒரு மாத லீவில் அவள் வீட்டில் இருந்தாள். அம்மாவும் மனம் மாறி, கறிவேப்பிலைத் துவையலும் பால்சுறாப் புட்டுமாகச் செய்து போட்டாள். அவள் சாப்பிட்டாள், பேசினாள், பிள்ளைகளின் நோட்டுகளை வரவழைத்துத் திருத்தினாள். சில சமயம் சும்மா இருக்கும்போது வயிற்றின் ஓரத்தைக் கையால் அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருப்பாள். வலிக்கிறதா என்றால் இல்லை என்பாள்.

லீவு முடிகிற வாரம் அவளுடைய பள்ளியில் ஒரு கடிதம் கொடுக்க நான் மட்டும் காரில் போனேன். ஆறாவது வேகத்தடையில் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று டயர் பஞ்சராகி மண் ஓரத்தை அடைத்துக்கொண்டு நின்றது. ஓரமாக இறக்க வழியில்லை. வேறு வழியில்லாமல் மெதுவாக, இரண்டு சக்கரமும் சேர நேராக ஏறினேன். கார் லேசாக எழும்பி லேசாக இறங்கியது. அடியும் தட்டவில்லை, பக்கவாட்டு ஆட்டமும் இல்லை. அடுத்ததை வேண்டுமென்றே வழக்கம்போல ஓரமாக இறக்கி ஏறிப் பார்த்தேன். பக்கத்துச் சீட்டில் வைத்திருந்த கடித உறை விசிறியடித்துக் கதவில் போய் மோதியது.

காரை ஓரம் கட்டிவிட்டு இறங்கி நின்றேன். என் ஊர்ப் பழக்கத்தில் நான் காட்டிய கரிசனமும், நான் மாற்றாமல் விட்ட துளையும் சேர்ந்து மூன்று மாதம் அவளை அந்தக் கதவில் மோதவைத்துக்கொண்டிருந்தன. குழந்தைக்கு இது காரணமில்லை என்று டாக்டர் சொன்னதை நம்புகிறேன், இன்றும் நம்புகிறேன். ஆனால் அவள் வலி என்று சொன்னது வலிதான். பிரமை இல்லை. பைக்கில் வந்த ஒருவர் நின்று, வண்டியில் ஏதாவது கோளாறா என்று விசாரித்தார். ஒன்றுமில்லை என்று சொல்லிக் கிளம்பினேன்.

வீட்டுக்கு வந்ததும் அவள் குளிக்கப் போன நேரத்தில் காரைத் தூக்கி, அடியில் படுத்து, இரண்டு பக்கத்துப் போல்ட்டையும் கழற்றி முதல் துளைக்கு மாற்றினேன். மெக்கானிக் சொன்னது சரி, அரை மணி நேரம்கூட ஆகவில்லை. கையைப் பழைய துணியில் துடைத்து, துணியையும் தூக்கி எறிந்தேன். என் மனதில் ஓடியது இதுதான்: சொன்னது பொய்யாக இருந்தது, இனி அது உண்மை. யாருக்கும் தெரியவேண்டிய அவசியம் இல்லை.

திங்கட்கிழமை அவள் பள்ளிக்குக் கிளம்பினாள். தலையணையை எடுத்து வந்து கதவோரம் செருகிக்கொண்டாள். முதல் வேகத்தடையை மெதுவாக, நேராக ஏறி இறங்கினேன். அவள் கை வழக்கம்போலக் கதவுப் பிடியை இறுக்கிக்கொண்டது. ஆட்டம் வரவில்லை. இரண்டாவதிலும் வரவில்லை. மூன்றாவதில் கையை எடுத்துவிட்டாள். நடுவில் ரோடு ஒரு பக்கமாகப் பெயர்ந்து கிடந்த இடத்தில் கார் இளகி இறங்கி ஏறியது. ஐந்தாவது தாண்டும்போது தலையணையை உருவி மடியில் வைத்துக்கொண்டாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. ஏதாவது பேசலாம் என்று வாயைத் திறக்கும் முன் அவள் கேட்டாள்.

"இப்பத்தான் மாத்துனீங்களா?"

ரோடு சரிபண்ணிவிட்டார்கள் என்று சொல்ல நாக்கு நுனியில் வந்துவிட்டது. சொல்லவில்லை.

"ஆமா. வெள்ளிக்கெழம."

"அன்னிக்கி?"

"அன்னிக்கி மாத்தல."

அவள் என் பக்கம் திரும்பவில்லை. முன்னால் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஏதேதோ சொன்னேன், டிராக்குக்குப் போக வேண்டியிருந்தது, மறுவாரம் மாற்றலாம் என்றிருந்தேன், புத்தியில்லை, மன்னித்துவிடு என்று. அவள் நான் முடிக்கும்வரை கேட்டாள். பிறகு வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்வது போல நிதானமாகச் சொன்னாள்.

"நீங்க மாத்திட்டன்னு சொன்னப்பறமும் அதே மாதிரிதான் தூக்கிப் போட்டுது. வண்டிய சரி பண்ணியும் தாங்கலன்னா எனக்குத்தான் கோளாறுன்னு நெனச்சிக்கினேன். ஒங்களுக்கு மனசு கஷ்டமாவுமேன்னு பரவால்லன்னு சொன்னேன். டாக்டரம்மா யார்மேலயும் தப்பில்லன்னு சொன்னதா நீங்க வந்து சொன்னப்போகூட நம்பல. இந்தச் சின்ன ஆட்டத்தயே தாங்காத ஒடம்பு, இதுல எப்படி தங்கும்னு தோணிச்சு. தெனம் அதத்தான் நெனச்சிக்கினு படுத்திருந்தேன்."

பள்ளி வந்துவிட்டது. இறங்கி, தலையணையைச் சீட்டிலேயே வைத்துவிட்டு, கதவை மெதுவாகச் சாத்திவிட்டு உள்ளே போனாள்.

இது நடந்து ஒரு வருஷம் ஆகிறது. கார் இன்னும் முதல் துளையில்தான் ஓடுகிறது, அவளும் அதில்தான் வருகிறாள். சண்டை ஒன்றும் இல்லை. போன வாரம் பள்ளியிலிருந்து வரும்போது நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலை வலிக்கிறதா என்று கேட்டேன். கையை எடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் யோசித்து, "தெரியலீங்க" என்றாள்.